சும்மா சுத்தறதுக்கும் ஒரு தெறமை வேணும்

கண்ணு, மொட்டைமாடி ரூமுக்கு லேத்து வந்து எறங்கிருச்சாமா. உங்க அமுச்சிதான் சொன்னா. துணி காயற கொடிக்குக் கீழ இப்ப இரும்புச் சுருள் கெடக்குதாம். சந்தோசம். உன் வயசுப் பசங்க சம்பளத்தைப் பங்குச்சந்தையில விட்டுட்டு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ இரும்புல போட்டிருக்கறே. என்ன ஆனாலும் பழைய இரும்புக்கடைக்காரன் எடை போட்டு எடுத்துக்குவான். நட்டத்துக்கும் ஒரு எல்லை இருக்குது.

செய்யப் போறது ஹிட் அண்ட் மிஸ் எஞ்சினாமா. ஒரு இஞ்ச் போர், ரெண்டு பக்கமும் ஆரக்கால் வெச்ச ஃப்ளைவீல், மேல தண்ணித் தொட்டி. நல்ல ரோசனை. ஆனா லேத்து மேல ஒட்டின காயிதத்தைக் கூட நீ இன்னும் முழுசா உரிக்கலை. அதுக்குள்ள பச்சைப் பெயிண்டும் மஞ்சப் பெயிண்டும் வாங்கி அலமாரியில அடுக்கியிருக்கறயாமா. பொண்ணு பாக்கப் போகறதுக்கு முந்தியே சீர்த்தட்டு அடுக்கறவனை நான் இப்பத்தான் பாக்கறேன்.

லேத்து முன்னால நின்னே நரைச்ச தலை இது. காசு கேக்காமச் சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் சொல்லுவேன். அப்பிச்சிங்கற உத்தியோகமே அதுதான்.

பச்சையும் மஞ்சளும் ஏன்னு எனக்குத் தெரியும். ஜான் டீர் கலரு. அந்தக் கம்பெனி 1918-ல வாட்டர்லூங்கற எஞ்சின் கம்பெனியை வெலைக்கு வாங்கிச்சு. 1923-லிருந்து 1946 வரைக்கும் ‘மாடல் ஈ’ன்னு ஒரு எஞ்சின் போட்டு வித்துச்சு, ஒன்றரை, மூணு, ஆறு குதிரைசக்தின்னு மூணு அளவு. அமெரிக்காவுல அப்பக் காட்டுக்குள்ள கரண்டு ஏது? 1935-ல கிராமத்துக்குக் கரண்டு இழுக்கோணும்னு அவுங்க அரசாங்கம் ஒரு எலாக்கா தொறக்கறப்ப, பத்துப் பண்ணையில ஒம்பது பண்ணை இருட்டுலதான் கெடந்துச்சு. தண்ணி எறைக்கறது, மக்காச்சோளம் உதுக்கறது, வெறகு அறுக்கறது, பாலாடை பிரிக்கறது, துணி தொவைக்கறது எல்லாத்துக்கும் இந்த எஞ்சின்தான். அதை வாங்கினவன் பெயிண்டைப் பாத்து வாங்கலை, கேட்டயா. மழையில நின்னாலும் ஓடுமா, கண்ட எண்ணெயிலயும் ஓடுமா, அதான் அவன் கணக்கு.

நம்ம பக்கத்துல கெணத்து மேட்டுல தடதடத்தது வேற சாதி. இங்கிலாந்துல டர்ஸ்லிங்கற ஊருல பொறந்த லிஸ்டர் டீசல் எஞ்சினும், அதைப் பாத்து ராஜ்கோட்காரங்க வார்த்த நகலும். நிமிசத்துக்கு 650 சுத்து. அதோட கவர்னர் கணக்குப்பிள்ளை ஆட்டம்: ஒவ்வொரு அடிக்கும் இத்தனை சொட்டுத்தான்னு அளந்து ஊத்தும். உன் எஞ்சினுக்கு அந்தக் கஞ்சத்தனமே தெரியாது. அடிச்சா முழு அடி, இல்லாட்டிப் பூராவும் லீவு.

நாலு ஸ்ட்ரோக்தான். 1876-ல ஜெர்மனியில ஓட்டோ ஓட்டிக் காட்டின அதே வரிசை: உறிஞ்சு, அமுக்கு, வெடி, ஊது. சூட்சுமமெல்லாம் கவர்னர்ல இருக்குது. ஃப்ளைவீல்ல ரெண்டு குண்டு, ஒரு ஸ்ப்ரிங். வேகம் ஏறினா குண்டு விரியும். ஷாஃப்ட் மேல இருக்கற காலரைத் தள்ளும். காலர் ஒரு கொக்கியைத் தள்ளும். கொக்கி போயி எக்ஸாஸ்ட் வால்வைத் தள்ளற கம்பியில மாட்டிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு தெறந்தபடியே நின்னுக்கும். பிஸ்டன் போனாலும் வந்தாலும் அந்தத் தெறந்த வழியிலயே காத்து போயி வந்துக்கிட்டு இருக்கும். உறிஞ்சல் இல்லாததால இன்டேக் வால்வு அசையாது, பெட்ரோல் உள்ள வராது, அமுக்கறதுக்கும் ஒண்ணுமில்லை. சக்கரம் தன் கனத்துலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். வேகம் எறங்கினா குண்டு ஒடுங்கும், கொக்கி கழலும், வால்வு மூடும், அடுத்த தபா உறிஞ்சும், ஒரே அடி! பொறவு மறுபடியும் லீவு. அடி ஹிட்டு, லீவு மிஸ்ஸு.

இப்பச் சொல்றதை மட்டும் நெஞ்சுல எழுதிக்க. வெடிக்கறது பெரிய சாமர்த்தியமல்ல. தீபாவளி வெடி கூட வெடிக்குது. ரெண்டு வெடிக்கு நடுவுல சக்கரம் எத்தனை சுத்து சும்மா சுத்துதுன்னு எண்ணோணும். அதுதான் உன் கைவேலைக்கு மார்க்கு. பேரிங் கொஞ்சம் இறுகியிருந்தா ஒரு சுத்துக் கொறையும். ரிங் எச்சா உரசினா இன்னொண்ணு போச்சு. பல்லு சரியாக் கடிக்கலைன்னா மூணாவதும் போச்சு. எல்லாத்தையும் பறிகொடுத்தா ரெண்டு சுத்துக்கு ஒரு வெடின்னு மூச்சிரைக்க ஓடும். பாக்கறவன் ‘நல்லா ஓடுதுங்க’ன்னு சொல்லிட்டுத்தான் போவான். விசயம் தெரிஞ்சவன் சிரிச்சுக்கிட்டே காப்பி குடிப்பான். எஞ்சின் சும்மா இருக்கோணும்னா அதைச் செய்யறவன் சும்மா இருக்க முடியாது கண்ணு. உங்க ஆபீசுல எப்படியோ, பட்டறையில இதான் சட்டம்.

சின்ன எஞ்சின், அதனால சின்ன வேலைன்னு கணக்குப் போட்டிருப்பே. பிஇ படிச்சவனாச்சே, கணக்கை ஒழுங்காப் போடு. நீளத்தைப் பாதியாக்கினா சிலிண்டருக்குள்ள இருக்கற எடம் எட்டுல ஒண்ணாகுது. சுவரு நாலுல ஒண்ணுதான் ஆகுது. வெடிக்கற சரக்கு அவ்வளவு கொறைஞ்சும், சூட்டைத் திருடற சுவரு அந்த அளவுக்குக் கொறையலை. உரசல்லயும் கசிவுலயும் இதே வம்புதான். பெரிய எஞ்சின்ல ரெண்டு தௌ, அதாவது இஞ்சை ஆயிரமாப் பங்கு வெச்சு அதுல ரெண்டு பங்கு, கசிஞ்சா அது கண்டுக்காது. உன்னோடது அதுலயே பாடை கட்டிக்கும். பெட்ரோல் சொட்டும் உனக்காகச் சின்னதாகாது. அதனால சல்லிசா முடிஞ்சிரும்னு வீட்டுல வாக்குக் குடுக்காதே.

வரைபடம் நல்லதா எடு. ஜெர்ரி ஹோவெல் போட்ட ‘ஃபார்ம் பாய்’, பிலிப் டுக்லோஸ் போட்ட ‘ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்’ ரெண்டும் அமெரிக்காக்காரங்க ஊட்டுப் பட்டறைக்குன்னே போட்டது. ஃபார்ம் பாய் வார்ப்பு எதுவும் இல்லாம, கடையில கெடைக்கற ராடு, பிளேட்டுலயே கடைஞ்செடுக்கற டிசைன். எல்லாம் இஞ்ச் கணக்கு. இங்க கடையில கெடைக்கறது மில்லிமீட்டர் ராடும் எம்4, எம்5 டேப்பும். மாத்தறதா இருந்தா முழுசா மாத்து. ஷாஃப்டை மில்லிமீட்டர்ல கடைஞ்சு பேரிங்கை இஞ்ச்ல ரீமர் ஓட்டிட்டு, ‘அப்பிச்சி, லொடலொடங்குது’ன்னு ராத்திரி பத்து மணிக்குப் போனு பண்ணாதே. எடுக்க மாட்டேன்.

ஃப்ளைவீல்ல கைவெக்கறதுக்கு முன்னால உன் லேத்துல எத்தனை பெருசு சுத்தும்னு அள. 7 இஞ்ச் ஸ்விங்னு பெட்டி மேல போட்டிருப்பான். அது பெட்டுக்கு மேல. சேடிலுக்கு மேல அதை விடக் கொறைச்சல்தான். அஞ்சு இஞ்ச் சக்கரத்தை மாட்டிட்டு, டூலு வெளிம்புக்கு எட்டலைன்னு தலையைச் சொறியாதே. நடு ஓட்டையையும் வெளி வெளிம்பையும் ஒரே பிடியில கடை. கழட்டித் திருப்பி மாட்டினா தள்ளாடும். தள்ளாடற சக்கரம் சும்மா சுத்தற ஒவ்வொரு சுத்துலயும் உன் மானத்தை வாங்கும். கனம் வெளி வெளிம்புல இருக்கட்டும், நடுவுல வேண்டாம்.

கிராங்க் ஷாஃப்டை முழு இரும்புல கடைஞ்செடுக்கோணும்னு வீம்பு புடிக்காதே. ஒரு பக்கம் சதையை எடுத்தா உள்ள இருக்கற இறுக்கம் விட்டுக் கோணிக்கும். நேரான ஒரே ஷாஃப்டை ரெண்டு வெப்லயும் கோத்து, கிராங்க் பின்னையும் கோத்து, லாக்டைட் போட்டு, குறுக்க பின் அடிச்சு, நல்லா இறுகினதுக்குப் பொறவு நடுத்துண்டை அறுத்து எடு. அறுக்கறப்ப ஈரக்கொலை நடுங்கும். நடுங்கட்டும். நடுங்காதவன் கோணலா அறுப்பான்.

பல்லுக்கு வா. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா, எக்ஸாஸ்ட் கம்பியைத் தள்ளற கேம் ஒரு சுத்து. கிராங்குல 24 பல்லு, கேமுல 48 பல்லுன்னு வெச்சுக்க. நாப்பதுக்கு ஒண்ணு டிவைடிங் ஹெட்டுன்னா, 48-க்கு ஒவ்வொரு பல்லுக்கும் பதினெட்டு ஓட்டை வட்டத்துல பதினஞ்சு ஓட்டை தள்ளோணும். 24-க்கு ஒரு முழுச் சுத்தும் பன்னெண்டு ஓட்டையும். ரெண்டுக்கும் ஒரே கட்டர் ஆகாது. பல்லு எண்ணிக்கைக்குத் தக்கன கட்டர் நம்பர் மாறும். வெட்டறப்ப போனை அணைச்சு வெய்யி. நாப்பத்தேழாவது பல்லுல மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயி, வந்து எண்ணிக்கை தப்பி, நாப்பத்தெட்டாவது பல்லு அரைப்பல்லா நிக்கறதை நான் பாத்திருக்கறேன். ஆள் பேரைச் சொல்ல மாட்டேன், ஒறம்பரைதான்.

சிலிண்டருக்குக் கிரே காஸ்ட் அயர்ன் எடு. கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு வார்ப்பு கெடைக்கலைன்னு சொன்னா ஊரே சிரிக்கும். போரிங் பார் ஓட்டினதோட விடாதே, ஹோன் பண்ணு. ரிங்கும் காஸ்ட் அயர்ன். போருக்குள்ள ரிங்கை மட்டும் தள்ளி, வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. சுத்தியும் வெளிச்சம் தெரியக்கூடாது. வெட்டு வாயில மட்டும் மூணு நாலு தௌ சந்து இருக்கலாம். சந்தே விடலைன்னா சூட்டுல நீண்டு முட்டிக்கும். பத்துத் தௌ விட்டா அமுக்கறதெல்லாம் அந்த வழியாப் போயிரும்.

எல்லாத்தையும் விட வால்வுதான் முக்கியம். சின்ன எஞ்சின் ஓடலைன்னு அழுவறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு வால்வைச் சந்தேகப்படவே மாட்டாங்க; கார்புரேட்டரைத் திருகித் திருகியே வெரல் தேஞ்சிருக்கும். சீட்டு 45 டிகிரி, ஒடுக்கமா இருக்கோணும். அரை மில்லிமீட்டர் அகலம் தாராளம். அகலமா வெச்சா நல்லா அடைக்கும்னு நெனைப்பே. அகலம் எச்சாக எச்சாக அழுத்தம் பரவிப் போயி கசியத்தான் செய்யும். மெல்லிசு கிரைண்டிங் பேஸ்ட் ஒரு பொட்டு வெச்சு, வெரல்லயே முன்னும் பின்னும் திருப்பித் தேய். டிரில் மிசின்ல மாட்டித் தேய்க்கறவனைப் பட்டறைப் படியேற உடக்கூடாது. தேச்சதும் பேஸ்டைத் துளி இல்லாமக் கழுவு. சுத்தியும் சாம்பல் கலர்ல மெல்லிசா ஒரு முழு வளையம் தெரியோணும். பொறவு போர்ட் வாயில ரப்பர் குழாயை வெச்சு நல்லா உறிஞ்சி, குழாய் வாயை நாக்கால அடை. நாக்கைப் புடிச்சு இழுத்துக்கிட்டே நிக்கோணும். உடனே விட்டுருச்சுன்னா திரும்பவும் தேய். எஞ்சினுக்குப் பரிச்சை வெக்கற மானி உங்க ஊட்டுலயே, உன் வாய்க்குள்ளயே இருக்குது. பேசறதுக்கு மட்டும் அதைக் குடுக்கலை.

இன்டேக் வால்வைத் தள்ள கேம் கெடையாது. பிஸ்டன் உறிஞ்சற உறிஞ்சல்லதான் தெறக்கோணும். பத்து மில்லிமீட்டர் வால்வுன்னா, சிலிண்டருக்குள்ள காத்தே இல்லாமப் போனாலும் சுமாரா 800 கிராம் இழுவைதான் வரும். நெசமா வர்றது அதுல சின்னப் பங்கு. அப்ப ஸ்ப்ரிங் எவ்வளவு மெலிசா இருக்கோணும்னு நீயே பாத்துக்க. வெரல் நுனியால தொட்டாலே எறங்கோணும், விட்டா உடனே மேல போகோணும். எக்ஸாஸ்ட் ஸ்ப்ரிங் அதுக்கு நேர் எதிர், கெட்டியா இருக்கோணும். ரெண்டையும் மாத்திப் போட்டவன் பட்டறையில அமைதி நெலவும்.

பெட்ரோல் டேங்க் கீழ இருக்குது, எஞ்சின் மேல இருக்குது. சக்கரம் சும்மா சுத்தறப்ப உறிஞ்சல் கெடையாதே, குழாயில ஏறின பெட்ரோல் என்ன பண்ணும்? எறங்கிரும். அடுத்த தபா உறிஞ்சறப்ப வெறுங்காத்துதான் வரும். அதுக்குத்தான் குழாய் அடியில ஒரு குட்டி உருண்டையை வெச்சு ஒருவழிக் கதவு வெப்பாங்க. உருண்டை உக்கார்ற எடத்துல ஒரு பிசிறு இருந்தாலும் சோலி முடிஞ்சுது. எஞ்சின் நல்லா மிஸ் ஆக ஆக, இந்த உருண்டைக்கு வேலை எச்சு. இன்னொண்ணு, நம்ம பெட்ரோல் பங்குல ஊத்தறது இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்த சரக்கு. ஈரத்தை இழுக்கும், கண்ட ரப்பரை ஊற வெக்கும். ஓட்டி முடிச்சா டேங்கை வடிச்சிரு.

தீப்பொறிக்கு வந்தா நீ கம்ப்யூட்டரை உள்ள கொண்டாரப் பாப்பே. உன் கை நமநமங்கறது எனக்குத் தெரியும். அந்தக் காலத்து எஞ்சின்லயே புத்தி வெச்சிருந்தாங்க: வால்வைத் தள்ளற கம்பி அசைஞ்சாத்தான் கரண்டு சேரும், கொக்கி மாட்டிக் கம்பி நின்னுட்டா பொறியும் இல்லை, பேட்டரியும் தீராது. ஒரு காசு புரோகிராம் இல்லாம நடந்த வேலை. வேணும்னா பொறிக்கு மட்டும் எலக்ட்ரானிக் வெச்சுக்க. வேகத்தை அளந்து வால்வைப் புடிக்கறதுக்கும் சென்சார் வெச்சயின்னா, அது எஞ்சினல்ல, எஞ்சின் வேசம் போட்ட லேப்டாப்பு.

கவர்னர் கடைசி வேலை. கொக்கியையும் கம்பியில அது புடிக்கற கட்டையையும் கெட்டி இரும்புல செஞ்சு, பதம் போட்டு, மூலையைக் கூரா வெய்யி. கேம் உச்சியில நிக்கறப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு காயிதம் போற சந்து இருக்கோணும். சந்து இல்லைன்னா கொக்கி மாட்டாது. மாட்டாத எஞ்சின் வெறி புடிச்சு ஓடும். சந்து எச்சாப் போனா எக்ஸாஸ்ட் பாதிதான் தெறந்து நிக்கும். சும்மா சுத்தற சுத்து கொறைஞ்சிரும்.

ஓடலைன்னா திட்டறதுக்கு ஒரு வரிசை இருக்குது. முதல்ல அமுக்கம்: சக்கரத்தைக் கையில சுத்தினா கம்ப்ரெசன்ல எதுத்துத் திருப்பித் தள்ளோணும். பொறவு பொறி: பிளக்கைக் கழட்டி வெளிய வெச்சுப் பாரு, பெட்ரோல் பக்கத்துல வேண்டாம். கடைசியாத்தான் பெட்ரோல். நீ இந்த வரிசையைத் திருப்பித்தான் பண்ணுவே, எனக்குத் தெரியும்; ஊசியைத் திருகறதுல ஒரு சொகம் இருக்குது.

இனி சொல்றது கேலியில்லை. அந்த ரூமுல கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டாதே. பொகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கெடையாது, தாட்சண்யமும் கெடையாது. வெளிய மாடியில வெச்சு ஓட்டு. லேத்துகிட்ட துண்டு, மோதரம், தொங்கற கை எதுவும் ஆகாது. சக்குச் சாவியைச் சக்குல விட்டுட்டு சுவிட்சைத் தொடாதே. ஆரக்கால் சுத்தறப்ப அழகாத்தான் இருக்கும், வெரலை மட்டும் பக்கத்துல கொண்டு போகாதே. உங்க அம்மா உன்னைப் பத்து வெரலோட பெத்தா, எனக்கு நெனைவிருக்குது.

அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல கூல்ஸ்பிரிங்னு ஒரு ஊரு. 1985-ல பழைய எஞ்சினுக்குன்னே அங்க ஒரு மியூசியம் தெறந்து, இன்னிக்கும் ஓட்டிக் காட்டறாங்க. அங்க வர்றவங்களும் எஞ்சின் முன்னால நின்னு எண்ணுவாங்க. வெடியை அல்ல, நடுவுல போற சுத்தை. நானும் அதைத்தான் எண்ணப்போறேன். உன் எஞ்சின் பத்துச் சுத்தாவது சும்மா சுத்தட்டும், உங்க அமுச்சியையும் கூட்டிக்கிட்டு வர்றேன். அதுக்குக் கொறைஞ்சா வால்வைக் கழட்டித் திரும்பவும் தேய்.